நாற்பத்து மூன்று விதிகளும் ஒரு நாற்காலியும்

மரியாதைக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

எட்டு மாதமாக நான் வாயைத் திறக்கவில்லை. இனியும் பேசாமல் இருந்தால் உங்கள் அறிக்கையை நான் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும் என்பதால் எழுதுகிறேன். நீங்களும் என் தங்கையும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். இந்த வீட்டிலும் எல்லோரும் நலம்தான், என்னைத் தவிர. இதை மின்னஞ்சலில் அனுப்பியிருக்கலாம். அனுப்பினால் அரை நிமிடத்தில் பணிவாக ஒரு பதில் போடுவீர்கள். உங்கள் பணிவைத் தாங்குகிற தெம்பு இப்போது எனக்கில்லை.

நம் அலுவலகத்துக்கு நிரல் எழுதும் ஏஐ வந்தபோது, அது யூனிட் டெஸ்ட்டுகளை எப்படி எழுத வேண்டும் என்று வழிகாட்டி தயாரிக்கும் வேலையை என்னிடம்தான் கொடுத்தார்கள். நிரலின் ஒவ்வொரு சிறு துண்டும் சொன்ன வேலையைச் செய்கிறதா என்று பார்க்கும் அந்தச் சோதனைகளை இருபத்தாறு வருடமாக எழுதி வந்தவன் நான் ஒருவன்தானே. மூன்று வாரம் உட்கார்ந்து நாற்பத்து மூன்று விதிகள் எழுதினேன். முதல் வரியில் என் பெயர், அதன் கீழே பதவி. அப்போதாவது மேலாளர் சும்மா இருந்திருக்கலாம். அந்த வழிகாட்டியால் உண்மையில் பயன் உண்டா என்று மதிப்பிட்டுச் சொல்லும்படி உங்களைக் கூப்பிட்டார். இத்தனை பேர் இருக்கும் அலுவலகத்தில், என் தங்கையின் கணவரை.

நீங்கள் செய்ததில் குறை சொல்ல இடமில்லை என்பதுதான் என் முதல் புகார். பல் மருத்துவமனைகளுக்கு நாற்காலியும் நேரமும் ஒதுக்கிக் கொடுக்கும் நம் மென்பொருளில் இருபது துண்டுகளை எடுத்தீர்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பிழையை நீங்களே வைத்தீர்கள். என் வழிகாட்டியைக் கொடுத்து ஒருமுறை, கொடுக்காமல் ஒருமுறை ஏஐயை டெஸ்ட் எழுத வைத்தீர்கள். எது எந்த வகை என்று, பிடிபட்ட பிழைகளை எண்ணியவர்களுக்குக்கூடச் சொல்லவில்லை. வழிகாட்டியோடு எழுதிய டெஸ்ட்டுகள் ஐந்து பிழைகளைப் பிடித்தன. வழிகாட்டி இல்லாமல் எழுதியவை பதினொன்று. கூட்டத்தில் எழுந்து நின்று, "மச்சான், தப்பா எடுத்துக்காதீங்க. வழிகாட்டி இல்லாதப்போ அது கொஞ்சம் நல்லா எழுதுது" என்றீர்கள். அத்தனை வருடமும் அந்த அறையில் நான் 'சார்'. ஒரே வாக்கியத்தில் மச்சானாகிவிட்டேன். அதையாவது மறந்துவிடலாம். ஐந்துக்கும் பதினொன்றுக்கும் நடுவில் இருப்பதைக் 'கொஞ்சம்' என்றீர்களே, அந்தக் கருணையைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

நான் நம்பவில்லை. மூன்று சனிக்கிழமைகள் வீட்டிலேயே அதே சோதனையை நடத்திப் பார்த்தேன். என் வழிகாட்டியோடு பிடிபட்டவை நான்கு, ஐந்து, நான்கு. என் மனைவி எட்டிப் பார்த்து, "லீவு நாள்ல அந்த மிஷினோட என்னங்க சண்டை?" என்றாள்.

"சண்டை இல்ல, பரிசோதனை."

"மாப்பிள்ளை செஞ்சதையே திரும்பச் செய்றீங்களா? தெரிஞ்சா அவரு சிரிக்கப்போறாரு."

"சிரிக்க மாட்டாரு. அதுதான் பிரச்சினையே."

பிறகுதான் ஏஐ எழுதித் தந்ததை ஒவ்வொன்றாகப் படித்தேன். பக்கத்தில் என் விதிகளையும் விரித்து வைத்துக்கொண்டேன். டெஸ்ட்டின் பெயர் ஆறு சொல்லுக்கு மேல் போகக் கூடாது என்பது ஏழாவது விதி. எதையும் நீட்டி முழக்கும் ஒரு சக ஊழியர்மேல் இருந்த கோபத்தில் எழுதியது, அவர் வேலையை விட்டே பத்து வருடம் ஆகிறது. ஒவ்வொரு துண்டுக்கும் நான்கு டெஸ்ட்டாவது வேண்டும் என்பது பத்தொன்பதாவது; எப்போதோ ஒரு மேலாளர், "உங்க டெஸ்ட்டெல்லாம் எண்ணிக்கையில கம்மியா இருக்கே சார்" என்று எல்லோர் முன்னாலும் சொன்னதற்குப் பதில். பாவம், அந்த மிஷின் எனக்காக அத்தனை பேரோடும் மல்லுக்கட்டியிருக்கிறது. எண்ணிக்கை நிறைய வேண்டுமே என்று, நோயாளியின் பெயர் நோயாளியின் பெயர்தானா என்று நான்கு விதமாகச் சோதித்திருக்கிறது. ஒரே நாற்காலியை ஒரே நேரத்தில் இரண்டு பேருக்குக் கொடுத்துவிடுமோ என்று மட்டும் பார்க்கவில்லை.

அதையாவது உடனே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. என் பதில் வரும்வரை வழிகாட்டியை எடுக்க வேண்டாம் என்று மேலாளரிடம் நீங்கள்தான் கேட்டுக்கொண்டீர்களாம். நீங்கள் மரியாதைக்குக் காத்திருந்தீர்கள், நான் வீம்புக்குக் காத்திருந்தேன். இதற்கிடையில் முப்பத்தோராவது விதி சும்மா இருக்குமா? பிறர் எழுதிய பழைய டெஸ்ட்டை நம்பாதே, நீக்கிவிட்டுப் புதிதாக எழுது என்பது அது. ஏஐ அப்படி நீக்கியதில் ஒன்று, ஒரே நாற்காலி இரண்டு பேருக்குப் போகாமல் காக்க நீங்கள் என்றைக்கோ எழுதி வைத்த டெஸ்ட். போன மாதம் ஒரு பல் டாக்டரம்மாவிடமிருந்து போன் வந்தது. எடுத்தது நான்.

"சார், ஒரே நாற்காலிக்கு ரெண்டு பேரை அனுப்பியிருக்கீங்க. ஒருத்தர் உக்காந்துட்டாரு, இன்னொருத்தர் கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு நகர மாட்டேங்கிறாரு. நான் யார் பல்லைப் பிடுங்கணும்? நீங்களே சொல்லிடுங்க."

"யாருக்கு வலி அதிகமோ அவரை முதல்ல..."

"இப்போ எனக்குத்தான் சார் வலி."

அன்று மாலைக்குள் அந்த டெஸ்ட்டைத் திரும்பச் சேர்த்துவிட்டீர்கள். யாரிடமும் காரணம் சொல்லவில்லை.

அதற்கடுத்த வாரம்தான் என் தங்கைக்குக் கண் ஆபரேஷன். நான் வரவில்லை என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். வந்தேன். இரண்டாம் மாடியில் லிப்டை விட்டு இறங்கி அறைவரை நடந்தேன். கதவு பாதி திறந்திருந்தது. "அண்ணா இன்னும் வரலையாங்க?" என்று அவள் கேட்டது காதில் விழுந்தது. "ஆபீஸ்ல வேலை அதிகம். வந்துடுவாரு" என்றீர்கள். எனக்காக நீங்கள் பொய் சொல்வதைக் கேட்டபிறகு எந்த முகத்தோடு உள்ளே வருவது? கையிலிருந்த ஆரஞ்சுப் பழங்களை நர்ஸிடம் கொடுத்துவிட்டுப் படிவழியாக இறங்கிப் போனேன். அவை எந்த அறைக்குப் போய்ச் சேர்ந்தனவோ.

ஆகவே நீங்கள் காத்திருந்த பதில் இதோ. நாற்பத்திரண்டு விதிகளையும் எடுத்துவிடுங்கள். இருபத்தாறாவதை மட்டும் விட்டுவையுங்கள்: "டெஸ்ட் எழுதும் முன், இது உடைந்தால் யாருக்கு என்ன ஆகும் என்று ஒரு வரி எழுது." அந்த ஒன்றை மட்டும் கொடுத்தால் பதினான்கு பிழைகள் பிடிபடுவதாக உங்கள் அறிக்கையின் கடைசிப் பக்கம் சொல்கிறது. அதை எழுதியவன் நான் என்பதை அங்கேயே ஒரு வார்த்தை போட்டிருக்கலாம். போடாதது உங்கள் சிறுமை. அந்த விதி என் பெயரோடு இருக்கட்டும். நீங்கள் இருவரும் குறையொன்றும் இல்லாமல் நீண்ட காலம் வாழ வேண்டும். தங்கையைக் கண்ணைக் கசக்காமல் இருக்கச் சொல்லுங்கள்.

பின்குறிப்பு: மேலே உள்ளதை மடித்து உறையில் போட்ட பிறகு திரும்ப எடுத்தேன். இருபத்தாறாவது விதி என்னுடையதல்ல. இரண்டு வருடத்துக்கு முன் எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, "மச்சான், நான் டெஸ்ட் எழுதுறப்போ இது உடைஞ்சா யாருக்கு என்ன ஆகும்னு முதல்ல ஒரு வரி எழுதிக்குவேன்" என்று சொன்னது நீங்கள். அப்போது, "அதெல்லாம் சின்னப் பிள்ளைங்க பழக்கம்" என்றேன். நீங்கள் கை கழுவப் போனதும் குறித்துக்கொண்டேன். அறிக்கை எழுதும்போது உங்களுக்கு அது தெரியாமல் இருந்திருக்காது. தெரிந்தும் அது யாருடையது என்று சொல்லாமல், என் பெயர் கெடாதபடி எழுதியிருக்கிறீர்கள். நான் எட்டு மாதமாகத் திட்டிக்கொண்டிருந்தது அதைத்தான். விதி இருக்கட்டும், என் பெயரை எடுத்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை தங்கையைப் பார்க்க வருகிறேன், நீங்கள் வீட்டில் இருந்தாலும் பரவாயில்லை. இதன் கீழே கையெழுத்துப் போட்டால் இது மன்னிப்புக் கடிதமாகிவிடும். அதற்கு எனக்கு ஞாயிற்றுக்கிழமைவரை அவகாசம் வேண்டும். அதனால் பெயர் போடாமலே தபாலில் சேர்க்கிறேன்.