ஒரு வீட்டுச் சுழற்காற்று

“ஊர்ல இத்தனை வீடு இருக்கே மாமா, காத்து எப்படி எங்க வீட்டை மட்டும் தேடிப் பிடிச்சு வந்துச்சு?”

பள்ளிப் பையை முதுகிலிருந்து இறக்காமலே கேட்டாள் பக்கத்து வீட்டுச் சிறுமி. வானிலை மாமா அவசரமாக வானத்தை அண்ணாந்து பார்த்தார்.

அவர் அச்சகத்தில் பிழை திருத்துபவர். ஒரு புள்ளி இடம் மாறினாலும் அவருக்குச் சோறு இறங்காது. வேலை நேரம் போக மற்ற நேரமெல்லாம் வானம்தான். மொட்டைமாடியில் கம்பம் நட்டு, காற்றின் வேகம் பார்க்க உச்சியில் ஒரு காற்றாடி வைத்திருந்தார். அன்று பள்ளி விடும் நேரத்தில் இடியோடு வந்த காற்றில் கம்பம் சாய்ந்து பக்கத்து வீட்டுப் பக்கம் விழுந்தது. ‘டமார்!’ ஓடிப்போய்ப் பார்த்தால் சைக்கிள் கொட்டகை மொட்டையாக நிற்கிறது. கூரைத் தகரம் தரையில் கிடக்கிறது. தகரத்தின் மேல் இவர் கம்பம்.

கம்பத்தை இழுத்து வந்து மாடிப்படிக்கு அடியில் ஒளித்த நேரத்தில்தான் சிறுமி வந்து நின்றாள். “காத்தும்மா” என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார். அவள் அம்மா நர்ஸ். பொழுது சாய்ந்துதான் வருவாள். அதுவரை பிள்ளைக்கு இவர் வீடுதான்.

“அது... சுழல் காத்து கண்ணு. குட்டி. ஒரு வீட்டுக்கு மட்டும்தான் வரும்.”

வாசலில் நின்ற மனைவிக்கு அது போதும். அவர் போனை எடுத்து, வானம் பார்ப்பவர்களின் ‘மேகக் கூட்டம்’ குழுவில் குரலைப் பதிந்தே விட்டாள். “எங்க பக்கத்து வீட்டுல சுழல் காத்து! கூரையையே பேத்துடுச்சு!”

“அடியே, என்னை ஒரு வார்த்தை கேக்கக்கூடாதா?”

“எத்தனை நாள் கேலி கேக்கறது? ‘உங்க வீட்டு மேல மட்டும் மேகம் வாயை மூடிட்டுப் போகுதா’ன்னு அந்தப் பல் டாக்டர் கேட்டாரே, மறந்துட்டீங்களா?”

பதில் உடனே வந்தது. ‘எதையும் தொடாதீங்க. டேப்போட வர்றோம்.’

சுழற்காற்று என்றால் வந்த தடம் வேண்டுமே! மாமா தன் பனியனைக் கொடியிலிருந்து உருவி வேலிமேல் எறிந்தார். பப்பாளி மரத்தில் இரண்டு இலையை ஒடித்தார். அதுவும் போதாதென்று தோன்ற, மனைவியின் ரோஜாத் தொட்டியைக் கீழே உருட்டினார்.

“ஐயோ, என் ரோஜா!”

“காத்தும்மா.”

“காத்தா? பூவைப் பறிச்சுப் பத்திரமா ஜன்னல்ல வச்சுட்டுத்தான் தொட்டியை உடைச்சுதாக்கும்?”

பூவை நசுக்க அவருக்கு மனம் வரவில்லை. பொய் சொல்லப் பழகாதவனின் கை இப்படித்தான் காட்டிக்கொடுக்கும்.

குழுவிலிருந்து பல் டாக்டரும் ஒரு பேக்கரிக்காரரும் டேப்பும் திசைகாட்டியுமாக வந்து இறங்கினார்கள். டாக்டர் ஸ்டூல் மேல் ஏறி, கொட்டகைச் சட்டத்தில் இருந்த ஆணி ஓட்டைகளை டார்ச் அடித்துப் பார்த்தார்.

“விசித்திரமா இருக்கே. ஒரு கீறல் இல்ல, ஒரு விரிசல் இல்ல. மரத்துக்கு மரத்துப்போற ஊசி போட்ட மாதிரி, அலுங்காம பிடுங்கியிருக்கு!”

மாமா அவசரமாக வேலிமேல் கிடந்த பனியனைக் கை காட்டினார்.

“யோவ், நீர் பல்லோட நிறுத்தும்” என்றார் பேக்கரிக்காரர். “சுழல் காத்து திருகித்தான் எடுக்கும். பனியன் அங்க, தொட்டி இங்க. வட்டம் சரியா வருது பாரும். நாளைக்குப் பேப்பருக்கே அனுப்பிடலாம். மாமா, ஒரு போட்டோ. கொஞ்சம் சோகமா நில்லுங்க.”

சோகத்துக்கு அவர் சிரமப்பட வேண்டியிருக்கவில்லை.

அவர்கள் போனதும் மேற்கே மறுபடி கறுத்தது. இது கொட்டித் தீர்க்கிற மழை என்று மாமாவுக்குத் தெரியும்.

“அம்மா வந்தா சைக்கிளை எங்க மாமா வைப்பாங்க? நனைஞ்சா செயின் துருப்பிடிச்சுடும். நடந்துதான் ஆஸ்பத்திரிக்குப் போகணும்” என்றாள் சிறுமி.

பேப்பர், போட்டோ எல்லாம் அந்த நொடியே அவர் மனதை விட்டுப் போயின. சிறுமியை மனைவியோடு உள்ளே அனுப்பிவிட்டு, சுத்தியலும் ஆணியுமாகக் கொட்டகைக்குப் போனார். முதல் தூறல் விழும்போது தகரத்தைத் தலையில் சுமந்து ஸ்டூலில் ஏறினார். ‘கடவுளே, பொய் சொன்னதுக்குத் தண்டனையை அப்புறம் கொடு. இப்ப ஆணி மட்டும் நேரா இறங்கட்டும்.’ இரண்டு ஆணி நேராக இறங்கின. மூன்றாவது கட்டைவிரலைக் கேட்டது. வாயைத் திறக்காமல் வலியை விழுங்கினார். கூரை உட்கார்ந்தது. அடித்த சத்தத்தை இடி மறைத்துக்கொண்டது. பார்த்தவர் யாருமில்லை.

நர்ஸ் வந்தபோது மழை கொட்டிக்கொண்டிருந்தது. சைக்கிளைக் கொட்டகைக்குள் தள்ளியவள், அண்ணாந்து பார்த்தபடி அப்படியே நின்றுவிட்டாள். மாமா குடையைப் பிடித்துக்கொண்டு போனார். எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிடுவது என்று தீர்மானித்திருந்தார்.

“தங்கச்சி, இந்தக் கூரை விஷயமா ஒண்ணு சொல்லணும்...”

“நானும் அதைத்தாண்ணா கேக்க நினைச்சேன்! இந்தத் தகரம் மறைக்கறதாலதான் உங்க காத்தாடி சரியா சுத்தலைன்னு அண்ணி வருத்தப்பட்டாங்க. சரி, நமக்கு ஒரு தார்ப்பாய் போதும்னு காலையில பாப்பா ஸ்கூலுக்குப் போனதும், வேலைக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி ஒவ்வொரு ஆணியா நானே பிடுங்கித் தகரத்தைக் கீழே இறக்கி வச்சுட்டுப் போனேன், அதை எந்தப் புண்ணியவான் அண்ணா மறுபடியும் மேலே ஏத்தி அடிச்சது?”