சமையலறை இல்லாத வரைபடம்

மூன்றாம் முறை திருத்தி வந்த புதுச் சிறை வரைபடத்திலும் ஓர் அறை குறைந்தது. ஷெரிஃப் லைல் பிராண்ட்வோல்ட் அதைச் சிறையின் சமையல் மேசைமீது விரித்து, சுருண்ட முனையில் உப்பு ஜாடியை வைத்தார்.

"பதினாறு அறை கேட்டேன். பதினைஞ்சுதான் இருக்கு."

நகரத்திலிருந்து வந்திருந்த கட்டட நிபுணர் ரூர்க் கண்ணாடியைத் துடைத்தார். "ஒவ்வொரு அறைக்கும் ஜன்னல் வேணும்னு மாநிலச் சட்டம். ஜன்னல் வெச்சா கைதிங்க சர்ச் பக்கமே பார்த்துக்கிட்டிருப்பாங்கன்னு பாதிரியார் சண்டைக்கு வந்தார். கட்டடத்தைத் திருப்பினேன்."

"இப்ப பள்ளிக்கூடத்தைப் பார்க்குதே."

"அதான் நடுவுல ஒரு சுவர். சுவருக்கு ஓர் அறை போச்சு."

அடுப்பில் இறைச்சி மெல்லக் கொதித்தது. லைலின் மனைவி ஆர்டிஸ் பத்தொன்பது வருடமாகக் கைதிகளுக்குச் சமைக்கிறாள். சிறையின் முன்பாதிதான் அவர்கள் வீடு. 1908-இல் கட்டியது. மழை பெய்தால் மூன்று இடத்தில் ஒழுகும். அக்டோபருக்குள் மாவட்டத்தை நிர்வகிக்கும் கவுண்டிக் குழு புதுச் சிறைக்குச் சம்மதிக்காவிட்டால் மாநிலம் இதை மூடிவிடும். அப்புறம் லைல் ஷெரிஃப் அல்ல, தொண்ணூறு மைலுக்கு அப்பால் கைதிகளை ஏற்றிப்போகும் டிரைவர்.

"எங்க வீட்டை எடுத்துடுங்க," என்றார். "ஊருக்குள்ள வேற பார்த்துக்கறோம்."

ரூர்க் ரப்பரால் வீட்டை அழித்தார். "பதினெட்டு அறையே கிடைக்கும். ஆனா வீடு போனா சமையலறையும் போகும்."

"சாப்பாடு?"

"ஐஸ்ல உறைய வெச்ச சாப்பாட்டுத் தட்டு. லாரியில வரும். சூடு பண்ணிக் கொடுத்தா போதும்."

அடுப்பில் ஆர்டிஸ் கிளறிக்கொண்டிருந்த கரண்டி நின்றது.

"உனக்கும் ஓய்வுதானே, ஆர்டிஸ்?"

"நான் கேட்டேனா?"

மதியம் குழுவினர் ஐந்து பேரும் வந்து அதே மேசையில் உட்கார்ந்தார்கள். ஆர்டிஸ் பரிமாறினாள். தலைவர் மெர்லின் ஹூஸ்பி உருளைக்கிழங்குமேல் இரண்டாம் முறை குழம்பை ஊற்றிக்கொண்டார்.

"ஏம்ப்பா லைல், பத்தொன்பது வருஷத்துல ஒருத்தன்கூட ஓடல. நல்லா இருக்கறதை எதுக்கு இடிக்கணும்?"

லைலின் கழுத்து சிவந்தது.

"ஓடலைன்னா அது இந்தச் சுவராலயா? என்னால, மெர்லின். தினம் ஆறு தடவை சுத்தி வர்றேன். என் முழங்காலைக் கேளு, அது சொல்லும். நீங்க யாராவது ஒருநாள் பின்கட்டு வரைக்கும் வந்திருக்கீங்களா? வருஷக்கணக்கா இந்த மேசை வரைக்கும்தான் வர்றீங்க. தின்னுட்டுப் போறீங்க. நான் ஒருத்தன் காவல் காக்கறேன். அதுக்குப் பேரு நல்ல சிறையாம்."

ஹூஸ்பி தட்டை ரொட்டியால் துடைத்தார்.

"சரி, கட்டித் தொலை. சம்மதம்னா கையைத் தூக்குங்கப்பா."

ஐந்து முள்கரண்டிகள் உயர்ந்தன.

அவர்கள் போனதும் லைல் வரைபடத்தைச் சுருட்டினார். தொட்டியருகே டுவேன் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தான். மூன்றாம் முறையாக உள்ளே இருக்கும் கைதி.

"கேட்டியாடா? பதினெட்டு அறை. எல்லாக் கதவும் ஒரே பொத்தான்ல பூட்டிக்கும்."

டுவேன் கடைசித் தட்டை அடுக்கிவிட்டு, கொஞ்சம் தயங்கிச் சொன்னான்:

"இங்க பின்கதவு ஏழு வருஷமா பூட்டிக்கறதில்ல, ஷெரிஃப், காத்துல திறந்துக்காம இருக்க நாங்கதான் உள்ளேருந்து செங்கல் வெச்சுக்கறோம். புதுசுல ஆர்டிஸ் அம்மா சமையல் கிடையாதுன்னா, பூட்டையாவது நல்லதா போடச் சொல்லுங்க."