வாய்க்காலோடு முடிந்த தொகுதி

தேர்தலில் வேட்பாளர், வாக்காளர் என்று இரண்டே வகையினர்தான் இருப்பதாகச் சட்டம் நினைத்துக்கொண்டிருக்கிறது. சட்டத்தின் கண்ணில் படாத மூன்றாவது இனம் ஒன்று உண்டு. நிலவரம் சொல்பவர். இவர் போட்டியிடமாட்டார், போட்டியிடுகிறவனைத் தூங்கவும் விடமாட்டார். தொகுதியிலுள்ள பதினைந்து லட்சம் பேரும் யாருக்கு வாக்களிக்கப் போகிறார்கள் என்பதை அவர்களுக்கு முன்பே தெரிந்துகொண்டு, நாலு பேர் டீ குடிக்கும் இடத்தில் நின்று அறிவிப்பதுதான் இவருக்கு வேலை. உங்கள் ஊரிலும் ஒருவர் இருப்பார். எங்கள் ஊரில் அவர் பெயர் நஞ்சுண்டன்.

ஊர் ஆவாரங்காட்டுப்புதூர். பொள்ளாச்சியிலிருந்து டவுன் பஸ்ஸில் முக்கால் மணி நேரம். நஞ்சுண்டனுக்கு ஆறு ஏக்கர் தோப்பு. தென்னை தன்பாட்டுக்குக் காய்க்கும் மரமாதலால் அவருக்கு நேரத்துக்குப் பஞ்சமில்லை. காலை எட்டு மணிக்கு அப்துல் நாசரின் பேக்கரிக்கு வந்து, டீயில் ஒரு சொட்டை மேசைமேல் விட்டு, ஆள்காட்டி விரலால் நாடாளுமன்றத் தொகுதியை வரைய ஆரம்பிப்பார். நாசர் துடைக்கத் துணியோடு வந்தால், “இருங்க பாய், இன்னும் உடுமல முடியலீங்க” என்று கையமர்த்துவார். வால்பாறையில் தேயிலை பறிக்கிறவர்களின் மனசு, தொண்டாமுத்தூர்க்காரர்களின் கோபம் எல்லாம் அந்தப் பிளாஸ்டிக் மேசைமேல் ஈரம் காய்வதற்குள் அலசப்பட்டுவிடும்.

தகவல் எங்கிருந்து வருகிறது? லேசாக நினைத்துவிடாதீர்கள், ஆய்வு நடக்கிறது. போன தேர்தலுக்கு அவர் மூன்று கல்யாணம், ஒரு காதுகுத்து, ஒரு புதுமனை புகுவிழா என்று ஐந்து ஊர்களில் மக்கள் கருத்தைக் கேட்டறிந்தார். ஐந்து பந்தியிலும் அவருக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்தவர்கள் அதே மச்சான், அதே சம்பந்தி, அதே பெரியப்பா மகன். ஒரே ஒறம்பரைக் கூட்டம் ஐந்து முறை கை நனைத்து ஐந்து முறை ஒரே கருத்தைச் சொன்னால், நஞ்சுண்டன் கணக்கில் அது மாவட்டம் முழுவதும்.

“நமக்கு எந்தக் கட்சியும் இல்லீங்க, உள்ளதச் சொல்றேன்” என்று ஆரம்பித்தாரானால், அடுத்த அரைமணி நேரம் ஒரு கட்சிக்காகத் தொண்டை வறளப் போகிறது என்று அர்த்தம். “உள்ளுக்குள்ள ஒரு அலை ஓடுதுங்க. வெளிய தெரியாது” என்பார். வெளியே தெரியாத அலை இவருக்கு மட்டும் எப்படித் தெரிந்தது? கேட்டுவிடாதீர்கள். மறுபடியும் உடுமலையிலிருந்து ஆரம்பிப்பார்.

எங்கள் ஊருக்கும் காலனிக்கும் நடுவே ஒரு வாய்க்கால் ஓடுகிறது. அந்தப் பக்கம் அறுநூற்றுச் சொச்சம் ஓட்டு. ஆனால் நஞ்சுண்டனின் வரைபடத்தில் வாய்க்கால் வந்ததும் மேசை முடிந்துவிடும். வால்பாறைவரை நீண்ட விரல் அந்த ஒரு முழத்தைத் தாண்டியதே இல்லை.

வாய்க்கால் பாலம் இடிந்து இரண்டு வருஷமாகிறது. ஆள் இறங்கி ஏறிக் கடக்கலாம், வண்டி போகாது. அதிலிருந்து டவுன் பஸ் காலனிக்குப் போகாமல் பேக்கரி முன்னாலேயே திரும்பிவிடுகிறது. கயிறு மில்லில் வேலை செய்கிற சின்னத்தாயியின் மகள் யுவஸ்ரீ, பொள்ளாச்சிக் கல்லூரிக்கு ஆறரை மணி பஸ்ஸைப் பிடிக்க, காட்டுப்பன்றி திரிகிற தடத்தில் மூன்று கிலோமீட்டர் இருட்டில் நடக்க வேண்டும். அவளோடு நடந்த இரண்டு பெண்கள் படிப்பை விட்டுவிட்டார்கள். யுவஸ்ரீக்கு இன்னும் ஒரு வருஷம் பாக்கி. “போதும்மா, நானும் மில்லுக்கே வந்தர்றேன்” என்று அவளும் சொல்லத் தொடங்கியிருந்தாள்.

ஆகவே வேட்பாளர் வருகிறார் என்றதும் சின்னத்தாயி ஒரு மனு எழுதவைத்தாள். நாற்பது பெண்கள் மில்லுக்கு அரைநாள் லீவு போட்டு, ஆரத்தித் தட்டோடு உடைந்த பாலத்துக்கு அந்தப் பக்கம் வெயிலில் நின்றார்கள். பாலம் கட்டுவது எம்.பி. வேலையா என்று நீங்கள் சட்டம் பேசலாம். ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம்தானே அவர்களால் கேட்க முடியும்?

பிரசார வண்டி பேக்கரி முன்னால் நின்றது. வேட்பாளர் இறங்கி, நிலவரம் அறிந்தவர் என்ற மரியாதையில் நஞ்சுண்டனிடமே யோசனை கேட்டார்.

“ஏனுங்ணா, எறங்கி நடந்து காலனிக்கு ஒரு எட்டுப் போயிட்டு வந்தர்லாமுங்களா?”

“எதுக்குங்க? அது நம்ம ஓட்டு. எண்ணி வெச்சாச்சுன்னே நெனச்சுக்குங்க. அந்த நேரத்துல மூணு தோட்டத்துச் சாளைக்கு வீடு வீடாப் போயிட்டு வந்தர்லாம்.”

வண்டி திரும்பிவிட்டது. கொஞ்ச நேரத்தில் சின்னத்தாயி மனுவும் கையுமாக, மூச்சு வாங்க ஓடிவந்தாள்.

“ஏனுங்ணா, வண்டி எங்கீங்க?”

“போயிருச்சு அம்மணி. வெசனப்படாத, உங்களுக்கும் சேத்து நானே சொல்லிப்போட்டேன்.”

“என்னன்னு சொன்னீங்க?”

“நீங்க அல்லாரும் நம்ம பக்கந்தான்னு.”

“பஸ்ஸப் பத்திங்க?”

“பஸ்ஸா? எந்தப் பஸ்ஸு?”

அவர் கண்ணெதிரே தினமும் அந்த பஸ் திரும்புகிறது. இரண்டு வருஷமாக அதே மேசையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர் கேட்ட கேள்வி இது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எதிர்க்கட்சி வேட்பாளராவது காலனிக்குப் போனாரா என்றால், அதுவும் இல்லை. அவருக்கும் ஒரு நஞ்சுண்டன் வாய்த்திருப்பார்.

முடிவு வந்தது. நாற்பதாயிரம் வித்தியாசத்தில் ஜெயிப்பார் என்று நஞ்சுண்டன் சொன்னவர் தோற்றார். நஞ்சுண்டன் சளைத்தாரா? “அந்த உள் அலையத்தானுங்க நான் அப்பவே சொன்னேன்!” சாவடி வாரியான கணக்கு வெளியானபோதுதான் ஒரு எண் அவர் விரலை நிறுத்தியது. காலனிச் சாவடியில் நோட்டாவுக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு.

பன் வாங்க வந்த சின்னத்தாயியிடம், “யாரு அம்மணி இதெல்லாம் சொல்லிக்குடுத்தா?” என்றார்.

“ஆரும் சொல்லிக்குடுக்கலீங்ணா. வந்து கேக்கறவிங்களுக்குப் போடலாம்னு இருந்தமுங்க. ஆரும் வரலீங்க.”

ஒரு மனிதனுக்குச் சுருக்கென்று தைத்திருக்க வேண்டும். நஞ்சுண்டன் விரலை டீயில் தொட்டுக்கொண்டு எதிரில் இருந்தவர் பக்கம் திரும்பினார். “எழுதி வெச்சுக்குங்க. அடுத்த தடவ இந்தத் தொகுதியில நோட்டாவுக்கு நாலு பர்சன்ட் நிச்சயமுங்க!”

படித்துவிட்டுச் சிரிக்கிறீர்கள். நல்லது. அந்த வேட்பாளர் எந்தக் கட்சி, ஜெயித்தவர் யார், நஞ்சுண்டன் என்ன ஆள் என்றெல்லாம் மனசுக்குள் கூட்டிக் கழித்துக்கொண்டே வந்தீர்களே, யுவஸ்ரீ என்ன ஆனாள் என்று எப்போதாவது கேட்டீர்களா? கேட்டிருந்தால் மன்னியுங்கள். கேட்கவில்லையென்றால், நாசர் பேக்கரியில் உங்களுக்கு ஒரு நாற்காலி போட்டிருக்கிறது, வந்து உட்காருங்கள்.

அவள் மில்லுக்குப் போகிறாள்.