தழை வாத்தியாரின் கற்பித்தல் உபகரணம்

பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு வரவழைக்க ஆடுகளுக்கு லஞ்சம் கொடுத்த ஒரே தலைமை ஆசிரியர் இந்தப் பூமியிலேயே எங்கள் தழை வாத்தியார்தான். பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று அவருக்கு இருந்திருக்கும். அது சம்பளப் பட்டியலோடு நின்றுவிட்டது. பூலாம்பாடிப் பக்கம் எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் தழை வாத்தியார் என்றால்தான் தெரியும்.

மற்ற வாத்தியார்கள் கையில் பிரம்பு இருக்கும். இவர் கையில் ஒரு கொத்துப் பூவரசந்தழை. அதற்குக் காரணம் உண்டு. எழுபதுகளின் கடைசியில் எங்கள் ஊர் வானம் பார்த்த பூமி. கூலி வேலை செய்கிற வீடுகளில் தாயும் தகப்பனும் விடிந்ததும் களை வெட்டவோ கடலை பிடுங்கவோ போய்விடுவார்கள். ஆடு மேய்ப்பது பிள்ளைகள் பொறுப்பு. பள்ளிக்கூடத்துக்கு வா என்று சார் கிட்டே போனால் பிள்ளை ஓடையில் இறங்கி ஓடிவிடும். சாருக்கோ மூச்சிரைப்பு.

"புள்ளய நம்மால புடிக்க முடியல. ஆட்டப் புடிச்சா புள்ள தானா பின்னால வருது" என்று ஒருநாள் கண்டுபிடித்தார். அன்றிலிருந்து தழையை நீட்டிக்கொண்டு அவர் முன்னே நடப்பார். ஆடு பின்னே போகும். "எங்க ஆடு சார், எங்க ஆடு சார்" என்று அழுதுகொண்டே பிள்ளை அதன் பின்னே போகும். பள்ளிக்கூடத்துக்குள் போனதும் கதவைச் சாத்திவிடுவார்.

விளைவு, வகுப்பில் பாதி ஆடு. சார் கேள்வி கேட்டால் முதலில் பதில் சொல்வது ஜன்னலோரக் கிடாதான். ஒருமுறை ஒரு வெள்ளாடு சுவரில் தொங்கிய இந்தியப் படத்தைக் கீழேயிருந்து தின்னத் தொடங்கி, நம் ஜில்லாவையும் தாண்டிவிட்டது. சார் அலட்டிக்கொள்ளவில்லை. "நம்ம ஊருதான் நமக்குத் தெரியுமே. மேல இருக்கிறத படிங்க" என்றார்.

அந்தச் சமயத்தில்தான் ஏழைப் பிள்ளைகள் படிப்பை நிறுத்திவிடாமல் இருக்க என்று, யூனியன் ஆபீசிலிருந்து பள்ளிக்கூடங்களுக்குத் தனியாகக் கொஞ்சம் பணம் வந்தது. கற்பித்தல் உபகரணங்கள் வாங்கலாம் என்றார்கள். பக்கத்து ஊரில் ஓர் உலக உருண்டை வாங்கினார்கள். பிள்ளைகள் தொட்டால் அழுக்காகும் என்று அதைப் பீரோவில் வைத்துப் பூட்டினார்கள். எங்கள் சார் அந்தப் பணத்தில் என்னை வாங்கினார்.

அப்போது எனக்கு இருபது வயது இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்று ஆடு மேய்க்கப் போனவன். யாராவது எதிரே நின்று பேசினால் எனக்கு வார்த்தை வராது. ஆடுகள் கேள்வி கேட்பதில்லை என்பதால் அந்த வேலை பிடித்திருந்தது. சார் ஓடைக்கே தேடி வந்தார்.

"பெரியசாமி, சம்பளம் தரேன், வரியா?"

"என்ன வேல சார்?"

"இப்ப என்ன செய்யிறியோ அதான். புள்ளைங்க ஆட்டையெல்லாம் நீ மொத்தமா மேய்க்கிற. ஸ்கூல் விட்டதும் திருப்பித் தர்ற. நீ கெட்டது போதும்டா, மத்ததுங்க உள்ள உக்காரட்டும்."

ஊரே சம்மதித்தது, அஞ்சலை அக்காவைத் தவிர. அவர் வீட்டு ஆடுகள் அவருடையவை அல்ல. பண்ணைக்காரருடைய ஆடுகளை வளர்த்துக் கொடுத்து, போடுகிற குட்டியில் பாதியை வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு. மகள் பூங்கொடிதான் மேய்த்தாள்.

"ஒண்ணு காணாமப் போனாலும் பண்ணையில என் தலையத்தான் உருட்டுவாங்க வாத்தியாரய்யா. இந்த ஊமக்கோட்டான நம்பி வுடச் சொல்றீங்களா?" என்றார் அக்கா, என் எதிரிலேயே.

"ஆடுங்ககிட்ட அவன் பேசுறத நீ கேட்டதில்ல அஞ்சலை. ஒரே ஒரு ஆடு கொறஞ்சாலும் பூங்கொடிய நிறுத்திக்க. ஏன்னு கேக்க மாட்டேன்."

அக்கா சம்மதித்தார். பூங்கொடி முதல் நாள் முழுக்க ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாளாம். மறுநாளிலிருந்து சார் காலையில் பிள்ளைகளுக்கு ஆஜர் எடுத்து முடித்ததும் வாசலுக்கு வந்து ஆடுகளுக்கும் ஆஜர் எடுத்தார். "கருங்காதி!" என்பார். பூங்கொடியின் சினை ஆடு "ம்மே" என்னும். பிறகுதான் அவள் புத்தகத்தைப் பிரிப்பாள்.

பள்ளி இன்ஸ்பெக்டர் வந்த அன்று பார்த்து, கருங்காதியைக் காணவில்லை.

ஓடையெல்லாம் தேடிவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன். உள்ளே வெள்ளைச் சட்டை போட்ட பெரிய மனிதர் உட்கார்ந்திருந்தார். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. ஜன்னலுக்கு வெளியே நின்று சுவரைச் சுரண்டி, என் காதைத் தொட்டுக் காட்டினேன். என் முகத்தைப் பார்த்த சார் நாற்காலியை உதைத்துத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"சார், ஓடிவாங்க! பூங்கொடி படிப்பு ஓடையில காணாமப் போயிட்டு!" என்று இன்ஸ்பெக்டரைப் பார்த்துக் கத்தினார்.

"எது காணாமப் போச்சு?"

"படிப்பு சார்! வாங்கன்னா!"

என்ன ஏது என்று புரியாமலே இன்ஸ்பெக்டரும் ஓடிவந்தார். வேலிமுள் அவருடைய சட்டையைக் கிழித்தது. செருப்பு ஒன்று சேற்றோடு போயிற்று. பின்னால் பூங்கொடி அழுதுகொண்டே வந்தாள். வயலிலிருந்து அஞ்சலை அக்கா களைக்கொட்டோடு வந்தார். "நான் அப்பவே சொன்னேன்ல! நாளையிலேருந்து இவ வர மாட்டா!" என்ற சத்தம் ஓடை முழுக்கக் கேட்டது. சார் தழையை ஆட்டி ஆட்டி "கருங்காதி, கருங்காதி" என்று மூச்சிரைக்கக் கூப்பிட்டார்.

ஒரு புதருக்குப் பின்னாலிருந்து "ம்மே" என்று பதில் வந்தது. ஆஜர் சொல்லிப் பழகிய ஆடல்லவா! போய்ப் பார்த்தால் இரண்டு குட்டிகளை ஈன்று நக்கிக்கொண்டு நின்றது. அஞ்சலை அக்கா களைக்கொட்டைக் கீழே போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்தார்.

"ஒண்ணு போச்சுன்னு வந்தோம், மூணா நிக்கிது. வருகை கூடிருக்கு சார்" என்றார் தழை வாத்தியார்.

இன்ஸ்பெக்டருக்கு இப்போதுதான் கோபம் வந்தது. "அது கிடக்கட்டும். பணம் குடுத்தமே, கற்பித்தல் உபகரணம் எங்கய்யா?"

"இதோ நிக்கிது சார்" என்று சார் என்னைக் காட்டினார். நான் புதருக்குப் பின்னால் போய்விட்டேன்.

இன்ஸ்பெக்டர் என்னைப் பார்க்கவில்லை, பூங்கொடியைப் பார்த்தார். "நீ சொல்லு. நாளைக்கு ஸ்கூலுக்கு வருவியா?"

அவள் அம்மாவைப் பார்த்தாள். அக்கா முந்தானையால் குட்டியைத் துடைத்தபடியே, "போவா போவா. அதான் ஊமக்கோட்டான் இருக்கானே" என்றார்.

இன்ஸ்பெக்டர் ஒரு குட்டியைத் தூக்கிக்கொண்டு, ஒற்றைச் செருப்போடு பள்ளிக்கூடம் வரை நடந்தார். என்ன எழுதிவிட்டுப் போனாரோ, அடுத்த வருஷமும் பணம் வந்தது.

சில வருஷம் கழித்துச் சாரைப் பாடாலூர்ப் பக்கம் மாற்றிவிட்டார்கள். அவர் புறப்பட்டது ஒரு திங்கட்கிழமை காலை. பஸ் ஏற வந்தவரை வழியனுப்ப ஒரு பிள்ளைகூட வரவில்லை. நானும் ஆடுகளும்தான் நின்றோம்.

"பூங்கொடி எங்க?" என்றார்.

"ஸ்கூலுக்குப் போயிட்டா சார். எல்லாப் புள்ளையும் உள்ளதான் இருக்கு."

"ஒருத்தனும் வரல பாத்தியா! ஒருத்தன் வரலடா!" என்று பஸ்ஸில் இருந்தவர்களிடமெல்லாம் அவர் பெருமையாகச் சொன்னார். கையிலிருந்த தழையை என்னிடம் கொடுக்க மறந்து அப்படியே ஏறிவிட்டார்.

பஸ் நகர்ந்தது. அந்தத் தழையைப் பார்த்த ஆடுகள் ரோட்டில் பின்னாலேயே ஓடின. அவற்றை மறித்துத் திருப்ப வேண்டியது என் வேலை. எனக்கு அது தோன்றவில்லை. நானும் கூடவே ஓடிக்கொண்டிருந்தேன்.