அஞ்சாம் பட்டனும் அணைத்த சூடமும்

ராஜபாளையம்,
14.6.1999, திங்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் தம்பி கண்ணுச்சாமிக்கு, இருபத்து மூன்று வருடமாக உன்னோடு பேசாத அக்கா சீனியம்மாள் எழுதிக்கொள்வது. இங்கே எல்லாரும் சுகம். உன் சுகம் தெரிந்ததால்தான் எழுதுகிறேன்.

வியாழக்கிழமை மதுரையில் உனக்கு நெஞ்சு ஆபரேசன், அக்காவிடம் சொல்லிவிடு என்று நீ செல்போனில் அனுப்பிய செய்தியை என் மகன் பொன்னுராஜ் நேற்று வாசித்தான். "நம்பர் போட்டுத் தாரேன், ஒரு வார்த்தை பேசும்மா" என்றான். "வாயால பேச மாட்டேன்னுதாம்லே சூடத்த அணைச்சு சத்தியம் பண்ணினேன். விரலால பேச மாட்டேன்னு சொல்லல" என்றேன். அந்தப் போனில் தமிழ் கிடையாது. இங்கிலீஸ்தான், அதிலும் ஒரு பட்டனுக்குள் மூன்று எழுத்தை அடைத்து வைத்திருக்கிறார்கள். எனக்கு எண் மட்டும் தெரியும். ‘அக்கா’ என்று வர ரெண்டை ஒரு தரம், அஞ்சை ரெண்டு தரம், செத்த நேரம் விட்டு மறுபடி அஞ்சை ரெண்டு தரம், கடைசியில் ரெண்டை ஒரு தரம் அமுக்கணுமாம். ஒரு தடவை கேட்டால் எனக்குப் போதும். உன் குற்றங்களே தேதியோடு மனதில் இருக்கின்றன. ஆனால் அந்தச் செத்த நேரம் என் விரல் நிற்கவில்லை. அஞ்சை ஒரே மூச்சில் நாலு தரம் அமுக்கிவிட்டேன். எழுத்தெல்லாம் தாண்டி நடுவில் 5 என்று விழுந்து, அப்படியே உனக்குப் போய்விட்டது.

அந்த 5-ஐப் பார்த்து, அக்கா அஞ்சு குற்றம் எண்ணி வைத்திருக்கிறாள் என்று நினைத்து நீ பொன்னுராஜுக்குப் போன் போட்டாயாம். "மருமகனே, அந்த அஞ்சாவதும் அக்காவுக்குத் தெரிஞ்சு போச்சா" என்று கேட்டு அஞ்சையும் ஒப்பித்தாயாம். எனக்கு நாலுதான் தெரியும். அழகுத்தாய் காதுகுத்துக்குத் தாய்மாமன் நீ வராமல், என் மகளைப் பூசாரி மடியில் உட்கார வைத்ததுதான் அதில் முதல் குற்றம். அன்றைக்கு நீ கோயில் வாசல் வரை வந்தும் உள்ளே வராததுதான் அந்த அஞ்சாவதாம். அதை எனக்கு யார் சொன்னார்கள்? ஆசாரி கம்மலைத் தரத் தாமதமாகி, நீ ஓடி வந்து சேர்ந்தபோது நான் சூடத்தை அணைத்துக்கொண்டிருந்தேனாம். பார்த்துவிட்டு, கம்மலோடு வேப்பமரத்தடியிலிருந்தே திரும்பிவிட்டாயாம். அன்றைக்கும் நான் செத்த நேரம் நிற்கவில்லை.

அதற்காகச் சண்டை தீர்ந்தது என்று நினைக்காதே. சத்தியம் சத்தியம்தான். ஆபரேசனுக்கு வருவேன் என்று எதிர்பார்க்காதே. ஆண்டாள் உன்னைக் காப்பாற்றட்டும், வீட்டில் உள்ளவர்களைக் கேட்டதாகச் சொல்.

உன்னோடு பேசாத அக்கா,
சீனியம்மாள்

பி.கு.: தபாலில் போட்டால் வியாழனுக்குள் வந்து சேராது. நாளைக் காலை முதல் பஸ்ஸில் நானே கொண்டு வாரேன். கம்மலை இப்போது கொடுக்காதே. நீ உயிரோடு திரும்பி வந்து அழகுத்தாய் கையில் நீயே கொடுக்கணும். வாசலில் என்னைப் பார்த்ததும் நீ எதுவும் பேசாதே, முதலில் நான்தான் பேசுவேன். வாயைத் திறக்கச் செத்த நேரம் ஆகும். பொறுத்துக்கொள்.