இத்தாலி மோட்டாரும் நாற்பத்து மூன்று உருப்படிகளும்

சேசு மரி சூசை துணை

இராயபுரம்,
24-5-1934, வியாழன்.

தங்கவயலில் சீரும் சிறப்புமாக உத்தியோகம் பார்க்கும் அன்பு மச்சான் அருளப்பன் அவர்களுக்கு, துறைமுகத்தில் முப்பத்தொரு வருஷம் சரக்கு எண்ணி ஓய்வு பெற்ற உங்கள் தங்கை புருஷன் சவரிநாதன் வணக்கமாய் எழுதிக்கொண்டது. இங்கே நானும் சிலுவையம்மாளும் மகள் ராஜாத்தியும் தேவ கிருபையால் சுகம். உங்கள் மோட்டார் சுகமில்லை.

மாற்றலாகிப் போகும்போது, "இத்தாலி வண்டி மாப்பிள்ளை, பத்து வயசுதான் ஆவுது, ராஜாத்தி கண்ணாலத்துக்கு ஆவும்" என்று சொல்லி, வண்டியைச் சுற்றிக் கிளப்பும் இரும்புக் கைப்பிடியை என் கையில் திணித்துவிட்டு ரயில் ஏறினீர்களே, அதை நம்பி நானும் கோயில் வாசலில் நாலு பேர் கேட்கும்படி, "பெண் மோட்டாரில்தான் வந்து இறங்குவாள்" என்று கொருக்குப்பேட்டை சம்பந்தியிடம் வாயை விட்டுவிட்டேன். கல்யாணம் வரும் திங்கட்கிழமை. வண்டியோ கிளம்பி மூன்று நிமிஷம் ஓடுகிறது, இருமுகிறது, படுத்துவிடுகிறது.

போன வாரம் லேசாக இருமியபோதே தண்டையார்பேட்டை மெக்கானிக் அத்தாவுல்லாவைக் கூப்பிட்டேன். "அல்லாத்தையும் கயட்டிக் கய்வினா சரியாப்பூடும் சார்" என்றார். கழற்றலாம், ஆனால் உருப்படிகள் என் கணக்கில்தான் இறங்க வேண்டும், என் கணக்கில்தான் ஏற வேண்டும் என்று சொல்லி, நோட்டை எடுத்து நாலு கோடு நேராக, ஐந்தாவது குறுக்காக என்று போட ஆரம்பித்தேன். "இன்னா சார், கப்பல் சரக்கா இது?" என்று அவர் சிரித்தார். சிரிக்கட்டும். நாற்பத்து மூன்று உருப்படி இறங்கின. மண்ணெண்ணெயில் கழுவி, முற்றத்தில் உங்கள் தங்கை கழுவிக் கவிழ்த்திருந்த பாத்திரங்களுக்குப் பக்கத்தில் பாய் விரித்துக் காயவைத்தோம். திடீரென்று கடற்காற்று மணலை வாரி அடித்ததா, அவள் அவளுடையதை அள்ளினாள், நான் என்னுடையதை அள்ளினேன், உள்ளே வந்து எண்ணினால் நாற்பத்து மூன்று, ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை. பெட்ரோல் வடிகட்டும், துளை போட்ட பித்தளைத் தகட்டை மட்டும் நானே என் கையால் மாட்டினேன். அதை இனி யாரும் தொடக்கூடாது என்றும் சொல்லிவிட்டேன்.

அன்றிலிருந்துதான் வண்டிக்கு இந்தக் காசநோய். அத்தாவுல்லா நாலு தரம் குழாயைக் கழற்றி வாயால் ஊதிவிட்டார். "டாங்கியில கீற தூசி அப்பிடியே உள்ளே வர்து சார், வடிகட்டியப் பாக்கலாமா?" என்கிறார். என்னத்தைப் பார்ப்பது? எண்ணிக்கை சரியாக இருக்கும்போது பார்க்க என்ன இருக்கிறது? ஒரு மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்று நான் என் சர்வீசில் பார்த்ததே இல்லை. அது சுங்கத்தார் வேலை. எத்தனை மூட்டை என்பதுதான் என் வேலை. ஆகவே கோளாறு உங்கள் வண்டியில்தான்.

வீட்டில் வேறு ஒரு நிம்மதி இல்லை. ஒரு வாரமாக இடியாப்பம் தலைமயிர் போல விழுகிறது, மண்ணெண்ணெய் வாடை வீசுகிறது. பிழிய முடியவில்லை, கை உடைகிறது என்று சிலுவையம்மாள் என்னைத்தான் திட்டுகிறாள். ராஜாத்தியோ, காலையில் வண்டியைத் துடைக்கிறாள், சாயங்காலம் துடைக்கிறாள். அதைப் பார்க்க முடியாமல் நான் திண்ணைக்குப் போய்விடுகிறேன் மச்சான். கேட்டதில்லை அவள் இதுவரை ஒன்றும்.

ஆகையால் தயவுசெய்து நீங்களே வந்து மாட்டுவண்டியில் கட்டியாவது இந்தச் சனியனை இழுத்துப் போய்விடுங்கள். நாளைக்குச் சம்பந்தி வீட்டுக்குப் போய்த் தலை குனிந்து சொல்லிவிடுகிறேன். அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் தேவமாதா சகல ஆசீரும் தருவாளாக.

இங்ஙனம்,
நொந்துபோன மைத்துனர்
சவரிநாதன்

பின்குறிப்பு: மேலே கண்டதை வாசிக்க வேண்டாம். கடிதத்தை ஒட்டப்போகும் சமயம் அத்தாவுல்லா பசியாற உட்கார்ந்தார். தட்டைப் பார்த்தார், மோந்தார், இடியாப்பம் பிழியும் நாழியை வாங்கிக் கவிழ்த்தார். "அம்மா, அச்சு வெளிம்புல இன்னாமோ சீமை எய்த்து கீதே!" அடுத்த நிமிஷம் நான் தடுக்கத் தடுக்க வடிகட்டியைத் திறந்தார். உள்ளே, கல்யாணச் சீரில் நீங்கள் பேர் வெட்டிக் கொடுத்த இடியாப்ப அச்சில் 'அ. சிலுவையம்மாள்' பளபளவென்று உட்கார்ந்திருக்கிறாள். தகட்டை மாற்றியதும் வண்டி பாலம் வரை போய்த் திரும்பியது. ராஜாத்தி பின்சீட்டை விட்டு இன்னும் இறங்கவில்லை, சிரித்துக்கொண்டே இருக்கிறாள். மாட்டுவண்டி வேண்டாம். கல்யாணத்துக்கு வரும்போது புது இடியாப்ப அச்சு ஒன்று வாங்கி வரவும்.

ஆனால் உங்கள் தங்கை இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "முப்பத்தோரு வருசம் ஹார்பர்ல இன்னாத்தய்யா எண்ணிக்கினு இருந்தே?" என்று ஒரு கேள்வி கேட்டாள். அதிலிருந்து என்னென்ன மூட்டை எந்தெந்தக் கப்பலில் ஏறிப் போயிற்றோ என்று பழைய நோட்டுகளைப் புரட்டிக்கொண்டிருக்கிறேன் மச்சான். எண்ணிக்கை மட்டும் எப்போதும் சரி.