அசையாத ஆள்

கொச்சியில் அசையாத மனுஷர் ஒருத்தராவது உண்டா என்று இசக்கிதுரை மாதக்கணக்காகத் தேடிக்கொண்டிருந்தார்.

அவர் எடுப்பது எச்.டி.ஆர். படம். ஒரே காட்சியை இருட்டாக ஒன்று, நிதானமாக ஒன்று, பளீரென்று ஒன்று எடுத்து மூன்றையும் சேர்க்க வேண்டும். வெயிலும் தெரியும், வெயிலுக்குப் பின்னால் ஒளிந்த இருட்டும் தெரியும். ஆனால் நடுவில் நகர்ந்தவர் புகையாகிவிடுவார். மட்டாஞ்சேரியில் நகராதவர் யார்? படகுத்துறையில் புகை. மிளகுக் குடோனில் புகை. சாயாக்கடையில் கிளாஸ் மட்டும் தெளிவு, பிடித்த கை புகை. ஊரே காலியாகி, இவர் ஒருத்தர்தான் பாக்கி போல.

வாரமெல்லாம் இவர் தண்ணி லாரியில், மனைவி மாடத்தி இடக்கொச்சியில் இறால் உரிக்கும் ஷெட்டில். வீட்டில் பேச்சு என்றால் ‘சோறு இருக்கு’. அவளை ஞாயிற்றுக்கிழமையாவது பக்கத்தில் வைத்துக்கொள்ளத் துரை ஒரு திட்டம் போட்டார். படம் வெறும் சாக்கு.

"ஏட்டி, படகு ஜெட்டி வரைக்கும் வா. மூணு படத்துக்கு அசையாம நின்னாப் போதும்."

"மூணு முடிச்சுக்கு அசையாம உக்காந்தவ, இன்னும் எந்திரிக்க முடியல. இதுல மூணு படமா?"

"அப்ப நம்ம வாசல்லயாவது நில்லேன்."

"செரி. நீலச் சேலை மாத்திட்டு வாறேன். முக்காடு போட்டுக்குவேன். சிரின்னு சொல்லக்கூடாது."

துரை முற்றத்தில் ஸ்டாண்டை ஊன்றினார். கண் கூசும் வெயில், நடுநடுவே மேகம்.

"நின்னாச்சு!" என்று உள்ளிருந்து குரல் வந்தது. கதவிருட்டில் நீலம் மங்கலாகத் தெரிந்தது.

"மேகம் போகட்டும், அசையாத" என்றவர், கேமரா மேல் குனிந்தபடியே பேச ஆரம்பித்தார். லாரியைத் தனியாக ஓட்டும்போது அவளிடம் சொல்ல நினைத்ததெல்லாம் வந்தது. "ஐஸ்ல உன் விரல் மரத்துப்போறது எனக்குத் தெரியாமலா இருக்கு? கேக்கத்தான் வாய் வரல..."

கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாக மாடத்தி குறுக்கே பேசவில்லை. துரை இன்னும் சொல்லிக்கொண்டே போனார்.

க்ளிக். க்ளிக். க்ளிக்.

சாயங்காலம் மூன்றையும் சேர்த்தார். புகையே இல்லை! இருட்டு மெல்ல விலகியது. முக்காட்டுக்குள் முகம் வரும் என்று பார்த்தார்.

ஒட்டடைக் கம்பு வந்தது.

"ஏட்டி! என்ன இது?"

"அசையாத ஆள்தான கேட்டீங்க? அசைஞ்சுதா?"

"நீ எங்க போன?"

"பின்வாசல் வழியா பக்கத்து வீட்டுச் சேச்சிகிட்ட. சும்மா கால நீட்டி உக்காந்தேன். ஒரு நாளுதான கிடைக்கு." படத்தை எட்டிப் பார்த்தாள். "ஏன், என்கிட்ட ஏதும் சொன்னீங்களா?"

"இல்ல... அசையாதன்னு சொன்னேன்."

அடுத்த ஞாயிறு மாடத்தி சேச்சி வீட்டுக்குக் கிளம்பியதும், துரையே ஒட்டடைக் கம்பைத் தேடியெடுத்து, நீலச் சேலையைச் சுற்றி, முக்காடும் சரிசெய்து வாசலில் நிறுத்தி, பேச வசதியாக எதிரே உட்கார்ந்தார்.

கேமராவைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை.